ஓய்வு நேரமும் ஒரு செல்வமே

(வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து வாசித்துப் பேசுவதற்கான பாடம்)



லயங்களுக்கு நாங்கள் போய்வரும்போது தண்ணீரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் முறைப்பாடு கேட்பது வழக்கம். இப்போது அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. "எந்நேரமும் போன்ல கேம் அடிச்சிக்கிட்டே கெடக்கிறான் ஐயா. கூப்பிட்டா காது கேக்கிறதில்ல. சாப்பாட்டுக்குக்கூட எழும்புறதில்ல. நீங்களாச்சும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்று தாய்மார் சொல்கிறார்கள். இதைச் சொல்லாத லயம் குறைவு.

இது எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. பாடமெல்லாம் போனுக்கு வந்தது. பிள்ளையின் படிப்பு கெட்டுவிடக் கூடாதென்று கடன்பட்டு, தோட்டை அடகு வைத்துக்கூட போன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. பின்பு பாடசாலை திறந்தது. பாடம் பாடசாலைக்குத் திரும்பிப் போனது. போன் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பாடம் இருந்த இடத்தில் விளையாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

"போனைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினால் என்ன?" என்று கேட்கிறீர்கள். பூட்டலாம். பிள்ளை பக்கத்துக் காம்பராவுக்குப் போய், அங்கே விளையாடுகிறவனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒரு கையிலிருந்து ஒன்றை எடுத்தால், அந்தக் கைக்கு வேறொன்றைக் கொடுக்க வேண்டும். என்ன கொடுப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

கேம் விளையாடுவது குற்றமா?

குற்றமில்லை. நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்த இளைஞன் அரை மணித்தியாலம் போனில் விளையாடுவதால் குடி முழுகிப் போகாது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்க வேண்டும். மைதானத்தில் எல்லே அடித்தாலும், கிரிக்கெட் அடித்தாலும் இருட்டினால் ஆட்டம் முடிந்துவிடும். பந்து பள்ளத்தில் விழுந்து தொலைந்தாலும் முடிந்துவிடும். போன் விளையாட்டுக்கு இருட்டும் கிடையாது, பள்ளமும் கிடையாது. ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் தானாகத் திறக்கும். "நாளைக்கு வராவிட்டால் இந்தப் பரிசு கிடைக்காது" என்று ஆசை காட்டும். நம்மை எழும்பவிடக் கூடாது என்பதற்காகவே யோசித்துச் செய்த விளையாட்டுக்கள் பல உண்டு. டேட்டாவுக்கும், விளையாட்டுக்குள் விற்கிற துப்பாக்கிக்கும் சட்டைக்கும் போகிற காசு நமது நாட்சம்பளத்திலிருந்துதான் போகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் இதைப் பற்றி ஆராய்ந்து, தனது நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பில் 'விளையாட்டுக் கோளாறு' என்பதையும் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிப்பு 2019ல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று. முதலாவது, விளையாட்டை நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை. இரண்டாவது, சாப்பாடு, தூக்கம், படிப்பு, உறவு எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகிப் போவது. மூன்றாவது, கெடுதல் வருவது தெரிந்தும் தொடர்ந்து விளையாடுவது. இவை சாதாரணமாக ஒரு வருட காலமாவது இருந்தால்தான் அதை நோய் என்பார்கள். விளையாடுகிறவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே இது வரும். ஆகவே எல்லாப் பிள்ளையையும் "பைத்தியம்" என்று ஏசக் கூடாது. மூன்று அடையாளமும் தெரிகிற பிள்ளையை அடிக்கவும் கூடாது. வைத்தியரிடம் கூட்டிப் போக வேண்டும்.

பொழுதுபோக்கு என்பது எது?

பொழுது எப்படியும் போகும். நாம் சும்மா இருந்தாலும் போகும். ஆகவே பொழுதைப் போக்குவது மட்டும் பொழுதுபோக்கு ஆகாது. நல்ல பொழுதுபோக்குக்கு மூன்று குணங்கள் உண்டு என்று சொல்லலாம்.

ஒன்று, யாரும் சொல்லாமல் நாமாகவே விரும்பிச் செய்வது.

இரண்டு, பழகப் பழகக் கை தேறுவது. போன மாதம் தெரியாதது இந்த மாதம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று, முடிந்த பிறகு ஏதாவது மிஞ்சுவது. அது ஒரு கொப்பியாக இருக்கலாம், ஒரு செடியாக இருக்கலாம், ஒரு பாட்டாக இருக்கலாம், ஒரு சிநேகிதனாகக்கூட இருக்கலாம்.

இந்த மூன்றாவது குணந்தான் முக்கியம். நாம் பறிக்கிற கொழுந்துக்குக் கணக்கு எழுதுகிறவர் வேறொருவர். நமது ஓய்வு நேரத்துக்குக் கணக்கு எழுத வேண்டியவர்கள் நாமே. இரவு படுக்கப் போகுமுன் "இன்றைக்கு என் கையில் என்ன மிஞ்சியது?" என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளப் பழகினால் போதும். மற்றது தானாக வரும்.

இனி, அதிகம் காசு செலவில்லாமல் நமது தோட்டங்களிலேயே செய்யக்கூடிய சில பொழுதுபோக்குகளைப் பார்ப்போம்.

மழையை அளந்து எழுதுவது

"மழை பெய்யிறது என்ன புதினமா?" என்று கேட்பீர்கள். மழையில் நனைகிறவர்கள் நாம். ஆனால் எவ்வளவு பெய்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பல தோட்டங்களில் ஆபிசிலோ ஸ்டோரிலோ மழைமானி வைத்து ஒவ்வொரு நாளும் எழுதி வருகிறார்கள். அதே வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம்.

செய்முறை இதுதான். பக்கங்கள் நேராக உள்ள ஒன்றரை லீட்டர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுங்கள். கழுத்து விரிந்து முடிந்து, பக்கம் நேராகத் தொடங்குகிற இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பாகத்தை மூடி இல்லாமல் தலைகீழாக, புனல் மாதிரி, அடிப்பாகத்துக்குள் வையுங்கள். போத்தலின் அடி மேடு பள்ளமாக இருக்கும். ஆகவே சில கூழாங்கற்களைப் போட்டு, அவை மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அங்கிருந்து மேல்நோக்கி அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கணக்கில் கோடு போடுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெட்டவெளியில், காற்றில் சரியாதபடி நாலு கல்லை அணைத்து நிறுத்துங்கள்.

காலை 8.30க்கு அளப்பது நல்லது. வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தை வைத்தே 24 மணித்தியால மழையைச் சொல்கிறது. பாடசாலை நாட்களில் பிள்ளை போகுமுன் அளக்கலாம்; ஒவ்வொரு நாளும் ஒரே நேரமாக இருந்தால் சரி. அளந்த பிறகு பூச்சியக் கோடுவரை தண்ணீரை விட்டுவிட்டு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். மழையில்லாத நாட்களிலும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும்.

இதில் கணக்குப் பாடமும் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீட்டர் தண்ணீர். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவின் கூரை ஏறக்குறைய 11 சதுர மீற்றர். பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் 110 லீட்டர் தண்ணீர் விழுகிறது. பீலியிலிருந்து குடம் குடமாகத் தூக்குகிற நமக்கு இது சின்னக் கணக்கல்ல.

ஒரு வருடம் எழுதிவந்த பிள்ளைக்குப் பருவக்காற்று என்பது புத்தகத்துப் பாடமாக இராது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அற்றன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும். அதே நாட்களில் ஊவாப் பக்கம் வெயில் காயும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வந்து பதுளைப் பக்கத்தை நனைக்கும். பண்டாரவளையில் சொந்தக்காரர் இருந்தால், அங்கேயும் ஒரு பிள்ளையை அளக்கச் சொல்லி இரண்டு கொப்பியையும் ஒத்துப் பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் கவனமாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் ஆபத்தான இடத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவு. ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். பெருமழை நாளில் போத்தல் நிரம்புமுன் இடையில் அளந்து, எழுதி, ஊற்றிவிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். போத்தல் என்பது நமது கண் மட்டுமே. அரசாங்கம் எச்சரிக்கை விட்டால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதேபோல் எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக, நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டும் பேசாமல் இருக்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதை மழைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பறவை பார்ப்பது

பறவை பார்ப்பதற்காக வெளிநாட்டுக்காரர்கள் விமானமேறி நுவரெலியாவுக்கு வருகிறார்கள். விக்டோரியா பூங்காவில் கழுத்தில் தூரதரிசினிக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிறார்கள். அவர்கள் தேடி வருவதில் பாதி நமது பீலிக்கரையிலும், சவுக்கு மரத்திலும், லயக்கோடியிலும் இருக்கிறது.

இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இனங்கள் முப்பதுக்கு மேல் இந்த நாட்டில் உண்டு. காதருகே மஞ்சள் குஞ்சம் வைத்த கொண்டைக்குருவி அதில் ஒன்று. அது நமது மலைநாட்டுப் பறவை. தேசியப் பறவையான காட்டுக்கோழியும் இலங்கைக்கு மட்டுமே சொந்தமானது.

விருந்தாளிப் பறவைகளும் உண்டு. செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிப் போகும். ஓடைக் கல்லில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நிற்கும் சாம்பல் நிற வாலாட்டிக்குருவியைப் பார்த்திருப்பீர்கள். அது குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வருவது. பல நிறச் சட்டை போட்ட மாதிரி இருக்கும் ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து வருகிறது. விடியற்காலையிலும் அந்தியிலும் கத்துவதால் அந்தப் பெயர் வந்தது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சின்னஞ்சிறு குருவி இமயமலைப் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அத்தனை தூரம் பறந்து நமது மலைகளுக்குக் குளிர்காலம் கழிக்க வருகிறது.

தொடங்குவதற்குக் கண்ணாடி வேண்டாம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். ஒரு பறவையைக் கண்டால் நாலு கேள்வி கேளுங்கள். மைனாவைவிடப் பெரிதா, சின்னதா? அலகு எப்படி, வால் எப்படி? எங்கே இருந்தது, என்ன தின்றது? என்ன சத்தம் போட்டது? பதிலை எழுதி, கோணலாக வந்தாலும் பரவாயில்லை, ஒரு படமும் கீறுங்கள். பெயர் தெரியாவிட்டால் நீங்களே ஒரு பெயர் வையுங்கள். பிறகு ஆசிரியரிடமோ புத்தகத்திலோ சரியான பெயரைத் தேடலாம். முதல் மாதம் பத்துப் பறவையை அடையாளம் கண்டால் அது நல்ல தொடக்கம்.

இலங்கைப் பறவைகளைப் பற்றி ஜீ. எம். ஹென்றி என்பவர் எழுதிய புத்தகம் 1955ல் வெளிவந்தது. அவர் 1891ல் கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் துரையின் மகன். நம்மைப்போல லயத்தில் வளர்ந்தவரல்ல. கொழும்பு நூதனசாலையில் அவருக்கிருந்த வேலை பூச்சிகளைப் பற்றியது. அப்படியிருந்தும் பறவைகளைப் பார்த்துப் பார்த்து, படங்களையும் தானே வரைந்து அந்தப் புத்தகத்தைச் செய்தார். ஆனால் அவர் பிறந்த அதே மலையில் அதே பறவைகள் இன்றும் பறக்கின்றன. அவற்றைப் பார்க்க யாரும் டிக்கட் வெட்டுவதில்லை.

இரண்டு எச்சரிக்கை. குளவிக்கூடு இருக்கிற மரத்துக்குக் கீழே ஒருபோதும் நிற்க வேண்டாம். தனியாகக் காட்டுக்குள்ளும் போக வேண்டாம். கவண், பொறி, கூண்டு எதுவும் வேண்டாம். கூட்டைத் தொடவும் கூடாது. பார்ப்பது மட்டுந்தான் இந்தப் பொழுதுபோக்கு.

பாட்டும் கதையும் சேர்ப்பது

இதற்குப் போனே உதவும். போனில் குரலைப் பதிவுசெய்கிற வசதி இருக்கிறது. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேலை தொடங்கிவிட்டது.

தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து மலையில் பாடிய பாட்டு, கங்காணியைக் கேலி செய்த பாட்டு, விடுகதை, பழமொழி என்று நமது பெரியவர்களின் நெஞ்சுக்குள் கிடப்பது கொஞ்சமல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட நூறு பாட்டை மனதில் வைத்திருந்தார்கள். அவர்களை நாம் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகும்போது அந்த நூறு பாட்டும் கூடவே போய்விடுகிறது.

இந்த வேலையை நமக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1914ல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், 1947ல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். கவிஞர், எழுத்தாளர். அவர் தோட்டங்களில் பாடிய பாட்டுக்களைத் தேடிச் சேர்த்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார். அவர் சேர்த்திராவிட்டால் அதில் பல பாட்டுக்களை இன்று நாம் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டோம். இன்னும் சேர்க்காதது எவ்வளவோ இருக்கிறது. நமது தோட்டத்துப் பாட்டை நமது தோட்டத்துப் பிள்ளைதான் சேர்க்க வேண்டும்.

காமன் கூத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்தில் கம்பம் நட்டு, ரதி மன்மதன் கதையை ஆடிப் பாடி, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதோடு முடிகிற அந்தக் கூத்தில் எத்தனை வேடம், எத்தனை பாட்டு, எத்தனை தப்பு அடி! தப்பு அடிக்கத் தெரிந்தவரிடம் போய், "மாமா, எனக்கும் ஒரு அடி சொல்லிக் குடுங்க" என்று கேளுங்கள். தப்பு அடிப்பதைக் கேவலம் என்று நினைத்த காலம் போகட்டும். அதுவும் கற்றுத்தேற வேண்டிய ஒரு வித்தைதான்.

பாட்டு வராத பெரியவர்களிடம் கதை கேட்கலாம். உங்கள் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார்? தலைமன்னாரிலிருந்து எப்படி இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தில் யார் இந்தியாவுக்குப் போனார்கள், யார் இங்கே நின்றார்கள்? கடைசியாக எப்போது கடுதாசி வந்தது? மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023ல் நினைவுகூர்ந்தோம். அந்த 200 ஆண்டில் உங்கள் குடும்பத்தின் பங்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாட்டியின் வாயில்தான் இருக்கிறது.

கேட்கும்போது குறுக்கே பேசாதீர்கள். பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள். பிறகு ஆறுதலாகக் கேட்டு, அவர் சொன்ன பேச்சிலேயே, சொல்லை மாற்றாமல் கொப்பியில் எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் தோட்டம், என்ன திகதி என்பதையும் எழுத மறக்க வேண்டாம்.

இன்னும் சில

முத்திரை சேர்ப்பது: இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்தது, ஆறு பென்ஸ் பெறுமதி, விக்டோரியா மகாராணியின் தலை. 1972ல் நாடு குடியரசானபோது முத்திரையிலிருந்த 'சிலோன்' என்ற பெயர் 'ஸ்ரீ லங்கா' என்று மாறியது. தேயிலைத் தொழிலின் நூற்றாண்டை ஒட்டி 1967லும் முத்திரைகள் வெளியாயின. ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைக் கணக்கில் வைத்த நூற்றாண்டு அது. கடித உறையை முத்திரையோடு சேர்த்து வெட்டி, தண்ணீரில் ஊறவைத்தால் முத்திரை தானாகக் கழன்று வரும். பழைய பேப்பரில் காயவைத்து ஒட்டலாம். இப்போது கடிதம் குறைந்துபோய்விட்டது. பெரியவர்களின் தகரப் பெட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

ஆடுபுலி ஆட்டம்: போன் விளையாட்டை விட முடியாத பிள்ளைக்கு இது நல்ல மருந்து. இஸ்தோப்பில் கரியால் கட்டம் கீறி, மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்து இரண்டு பேர் ஆடுவது. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒற்றுமையாக நின்று புலியை நகரவிடாமல் கட்டும். தனி ஆடு வெட்டுப்படும். சேர்ந்து நிற்கிற ஆடு பிழைக்கும். இந்தப் பாடம் ஆட்டத்துக்கு வெளியிலும் உதவும். செஸ் பழக விரும்பினால் போத்தல் மூடிகளில் எழுத்தெழுதிக் காய் செய்துகொள்ளலாம்.

வீட்டுத்தோட்டம்: இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கீரையும் போஞ்சியும் லீக்ஸும் நமது கைக்குப் பழகியவை. பொழுதுபோக்காகச் செய்வதென்றால் ஒன்று மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கென்று ஒரு பாத்தியைப் பிரித்துக் கொடுத்து, விதைத்த நாள், முளைத்த நாள், பூத்த நாள், காய்த்த நாள் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். நல்ல கொடியில் நாலு காயை முற்றவிட்டு விதை எடுத்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாமாருக்கு ஓய்வு நேரம் உண்டா?

பொழுதுபோக்கைப் பற்றிப் பேசும்போது பெண்கள் சிரிக்கிறார்கள். "விடியக் காலையில எழும்பி, சமைச்சி, புள்ளைங்கள அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, கொழுந்து நிறுத்துட்டு வந்து, திரும்பவும் அடுப்பு. இதில பொழுது எங்க இருக்கு போக்கிறதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆம்பிளைகள் பல தோட்டங்களில் மத்தியானத்தோடு வேலை முடிந்து வந்துவிடுகிறார்கள். விறகும் தண்ணீரும் கொண்டுவருவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, ஒரு நேரச் சோற்றை ஆக்கி வைப்பது ஆகியவற்றை அவர்கள் எடுத்துக்கொண்டால் வீட்டிலுள்ள பெண்ணுக்கு அரை மணித்தியாலம் கிடைக்கும். அந்த அரை மணித்தியாலத்தில் அவர் தைக்கலாம், பூச்செடி வைக்கலாம், பத்திரிகை வாசிக்கலாம், பாட்டுப் பாடலாம், சும்மாவும் இருக்கலாம். அதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அம்மாவுக்கு ஒரு பொழுதுபோக்கு இருக்கிற வீட்டில் பிள்ளைக்கும் ஒன்று தானாக வரும். மாலையானதும் அப்பா போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்கிற வீட்டில், பிள்ளைக்கு மட்டும் "போனை வை" என்று சொல்வது எடுபடாது.

எப்படித் தொடங்குவது?

1. போனைப் பிடுங்கித் தொடங்காதீர்கள். முதலில் புதுப் பொழுதுபோக்கை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பிறகு போன் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

2. தெரிவைப் பிள்ளையிடமே விடுங்கள். நீங்கள் பறவை என்பீர்கள், அவன் தப்பு என்பான். அவன் சொன்னதே சரி.

3. ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். கொப்பியின் மேல் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

4. முதல் இரண்டு வாரம் நீங்களும் கூட இருங்கள். போத்தலை நட நீங்கள் குழி வெட்டிக் கொடுத்தால் பிள்ளை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்பான்.

5. ஒரு மாதம் முடிந்ததும் கொப்பியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாராட்டுங்கள். பரிசு வேண்டியதில்லை. நாலு பேர் கேட்டார்கள் என்பதே பெரிய பரிசு.

6. இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே பொழுதுபோக்கைத் தெரிவு செய்திருந்தால், வாரத்தில் ஒருநாள் வாசிகசாலையிலோ பிள்ளைமடுவத்திலோ சேர்ந்திருக்க இடம் கேளுங்கள். இடம் பிடித்துத் தருவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

7. இடையில் விட்டுவிட்டால் ஏச வேண்டாம். மழைக் கொப்பியில் பத்து நாள் விடுபட்டால் பதினோராம் நாளிலிருந்து எழுதலாம்.

வீட்டில் பேசிப் பார்க்க

அ. நேற்று நமது வீட்டில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு ஓய்வு நேரம் கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவே இல்லை?

ஆ. ஒரு மாதத்தில் டேட்டாவுக்கும் விளையாட்டுக்கும் எவ்வளவு ரூபா செலவாகிறது? அந்தக் காசில் எத்தனை கொப்பி வாங்கலாம்?

இ. நமது லயத்தில் பாட்டுத் தெரிந்த பெரியவர் யார்? தப்பு அடிக்கத் தெரிந்தவர் யார்? அவரிடம் யார் போய்க் கேட்பது?

ஈ. நமது லயத்துக்கு மேலே உள்ள மலையில் வெடிப்பு எதுவும் இருக்கிறதா? கடைசியாக யார் போய்ப் பார்த்தார்கள்?

உ. இன்று இரவு படுக்குமுன் ஒவ்வொருவரும் சொல்லட்டும்: "இன்றைக்கு என் கையில் மிஞ்சியது இது."

பிள்ளைகளின் மழைக் கொப்பி, பறவைக் கொப்பி, பாட்டுக் கொப்பி எதுவானாலும், நாங்கள் லயத்துக்கு வரும்போது காட்டுங்கள். எத்தனை பக்கம் என்பது முக்கியமில்லை. ஒரு பக்கமாக இருந்தாலும் உட்கார்ந்து வாசித்துவிட்டுத்தான் போவோம்.